வேலை மாற நினைப்போருக்கு: கோடிங் பயிற்சியில் சேரும் முன்

(நமது அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களில் முன்பெல்லாம் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், பாடப்புத்தகம் என்றுதான் இருக்கும். இப்போது வேறு வகை மனு ஒன்று வருகிறது. மனுப் போடுபவர் மாணவர் அல்லர். 28 வயது, 32 வயது. சிலருக்கு இரண்டு பிள்ளைகளும் உண்டு. வளைகுடாவில் சில வருடம் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர், பி.காம். முடித்துத் திருமணமாகி வீட்டில் இருக்கும் சகோதரி. எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "கோடிங் பூட்கேம்பில் சேர்ந்தால் ஆறு மாதத்தில் ஐ.டி. வேலை என்கிறார்கள். சேரலாமா? கட்டணத்துக்கு உதவி கிடைக்குமா?"

இரண்டாவது கேள்விக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டுமானால், முதல் கேள்விக்கு நீங்கள் பதில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம். சேருங்கள் என்று தள்ளிவிடவும் மாட்டோம், சேராதீர்கள் என்று தடுக்கவும் மாட்டோம். எப்படி முடிவெடுப்பது என்பதை மட்டும் பேசுவோம்.

முதலில் அது என்ன என்று பார்ப்போம். பூட்கேம்ப் என்பது ராணுவத்தில் புதிதாகச் சேருவோருக்குக் கொடுக்கும் கடும் பயிற்சி முகாமின் பெயர். அதே போல, மென்பொருள் எழுதும் வேலையை மூன்று முதல் ஒன்பது மாதங்களில் இறுக்கிக் கற்றுக்கொடுப்பதுதான் கோடிங் பூட்கேம்ப். அமெரிக்காவில் 2011, 2012 வாக்கில் இது தொடங்கியது. சான்பிரான்சிஸ்கோவில் 2012இல் தொடங்கிய டெவ் பூட்கேம்ப் முன்னோடிகளில் ஒன்று. அப்போது அங்கே ஆள் தட்டுப்பாடு இருந்தது. இணையதளம் கட்டத் தெரிந்தால் போதும், பட்டம் வேண்டாம் என்று நிறுவனங்கள் எடுத்தன. பலருக்கு உண்மையிலேயே வாழ்க்கை மாறியது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே டெவ் பூட்கேம்ப் 2017இல் மூடப்பட்டது. பல ஊர்களில் கிளை வைத்திருந்த தி அயர்ன் யார்டு என்ற நிறுவனமும் அதே ஆண்டு மூடியது. பெரிய பல்கலைக்கழகங்களின் பெயரில் பூட்கேம்ப் நடத்திவந்த டூயூ என்ற நிறுவனம், அந்தப் பயிற்சிகளை நிறுத்தப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. தொடங்கிய ஊரிலேயே அலை அடங்கிவரும் நேரத்தில், நம் ஊர் சுவரில் விளம்பரம் ஒட்டப்படுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலும் கற்றுத்தருவது என்ன? இணையப் பக்கம் அமைக்கும் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்.; அதற்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட்; தகவல்களைச் சேமித்து எடுக்கும் டேட்டாபேஸ்; பலர் சேர்ந்து எழுதும்போது குழப்பம் வராமல் பார்த்துக்கொள்ளும் கிட் என்ற கருவி. இவை எதுவும் ரகசியக் கல்வி அல்ல. எல்லாமே இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கின்றன. அப்படியானால் கட்டணம் எதற்கு? ஒழுங்கான பாடவரிசைக்கு, சந்தேகம் கேட்க ஆசிரியருக்கு, தினமும் உட்கார வைக்கும் கட்டாயத்துக்கு, வேலைக்கு அனுப்பிவைக்கும் தொடர்புக்கு. இந்த நான்கில் எது உங்களுக்கு இல்லாமல் நிற்கிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாடம்தான் இல்லை என்றால், அதற்கு லட்ச ரூபாய் தேவையில்லை.

அடுத்து, விளம்பரத்தில் வரும் சதவீதம். "எங்களிடம் படித்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு வேலை" என்று போட்டிருக்கும். இதை எப்படி வாசிப்பது? ஒரு கணக்கு சொல்கிறோம். 100 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதியில் நின்றவர்கள் போக 60 பேர் முடித்தார்கள். அவர்களில் "வேலைக்குத் தகுதியானவர்" என்று நிறுவனமே முத்திரை குத்தியது 40 பேரை. அந்த 40இல் 32 பேருக்கு வேலை கிடைத்தது. 40க்கு 32 என்பது 80 சதவீதம்தான். விளம்பரம் பொய் சொல்லவில்லை. ஆனால் பணம் கட்டிய 100 பேரில் வேலை கிடைத்தது 32 பேருக்கு. அந்த 32லும் சிலர் போன் எடுத்துப் பேசும் வேலைக்கோ அதே நிறுவனத்தில் உதவி ஆசிரியர் வேலைக்கோ போயிருக்கலாம். ஆகவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறார்கள் என்று தலை எண்ணிக்கை கேளுங்கள். அதிகபட்சச் சம்பளத்தைக் கேட்காதீர்கள். நடுவில் நிற்கும் ஒருவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

இது நாம் சந்தேகப்பட்டுச் சொல்வது அல்ல. அமெரிக்காவில் லாம்ப்டா ஸ்கூல் என்று புகழ்பெற்று, பின்பு புளூம்டெக் என்று பெயர் மாற்றிய ஒரு பூட்கேம்ப் இருந்தது. அது 71 முதல் 86 சதவீதம் வரை வேலை கிடைப்பதாக விளம்பரம் செய்தது. உள்ளே இருந்த கணக்கு ஏறக்குறைய 50 சதவீதம்தான், சில குழுக்களில் 30 சதவீதம் வரை இறங்கியிருந்தது என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு கண்டறிந்து, 2024 ஏப்ரலில் நடவடிக்கை எடுத்தது.

அந்த வழக்கில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. அவர்கள் முன்பணம் வாங்கவில்லை. "வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் 17 சதவீதம் கொடுங்கள், 24 மாதத் தவணை அல்லது 30,000 டாலர், எது முந்துகிறதோ அதுவரை" என்று ஒப்பந்தம் போட்டார்கள். இது கடன் அல்ல, வருமானப் பங்கு என்று சொன்னார்கள். அரசு அமைப்பு ஆராய்ந்து, இது கடன்தான், சராசரியாக 4,000 டாலர் கடன் செலவு இதற்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டது. நம் நாட்டிலும் "வேலை கிடைத்த பின் கட்டணம்" என்று இதே முறை வந்திருக்கிறது. வட்டி என்ற சொல் இல்லை என்பதற்காக நம்மவர்கள் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்தின் நகலை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பிறகு ஆலிம்களிடம் எடுத்துச்சென்று மார்க்க நிலையைக் கேளுங்கள். பெயரை வைத்து அல்ல, உள்ளே இருப்பதை வைத்து அவர்கள் சொல்லட்டும்.

"வட்டியில்லா இ.எம்.ஐ." என்பதற்கும் இது பொருந்தும். பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்று நடைமுறையில் இல்லை, பல நேரம் வட்டி செயல்முறைக் கட்டணம் என்ற பெயரில் மறைத்து வாங்கப்படுகிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பயிற்சி நிறுவனத்தில் நீங்கள் போடும் கையெழுத்து பெரும்பாலும் இரண்டு இடத்தில் விழுகிறது. ஒன்று பயிற்சிக்கு, இன்னொன்று ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடனுக்கு. பயிற்சி பிடிக்காமல் நின்றாலும், பயிற்சி நிறுவனமே மூடிவிட்டாலும், கடன் கொடுத்தவர் தவணை கேட்பார். தவறினால் கடன் மதிப்பெண் கெட்டு, நாளை வீட்டுக்கோ தொழிலுக்கோ எதற்கும் வங்கியில் நிற்க முடியாது. செல்போன் வழியாகத் தரும் இத்தகைய கடன்களில், முழுச் செலவையும் ஆண்டுச் சதவீதமாகக் காட்டும் தகவல் தாளைக் கையெழுத்துக்கு முன் தர வேண்டும் என்றும், மனம் மாறினால் அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்றும் 2022இல் ரிசர்வ் வங்கி விதி செய்திருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது வீட்டுக் கணக்கு. பெரும்பாலோர் கட்டணத்தை மட்டும் செலவு என்று நினைக்கிறார்கள். ஓர் உதாரணம் பாருங்கள். கடையில் மாதம் 18,000 ரூபாய் வாங்கும் ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் படிக்கிறார். படித்து முடித்து வேலை தேட இன்னும் ஆறு மாதம். பன்னிரண்டு மாதச் சம்பளம் 2,16,000 போனது. கட்டணம் 1,50,000. மடிக்கணினி 45,000. மொத்தம் 4,11,000 ரூபாய். பிறகு அவருக்கு 25,000 ரூபாயில் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பைவிட மாதம் 7,000 கூடுதல். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 59 மாதம், அதாவது ஐந்து வருடம் ஆகும். சம்பளம் ஏறினால் சீக்கிரம் வரும். வேலை தேடும் காலம் நீண்டால் இன்னும் தள்ளிப்போகும். நகர வேலையென்றால் அறை வாடகை, சாப்பாடு தனி.

அதே ஆள் வேலையை விடாமல், இஷாவுக்குப் பிறகு தினம் ஒன்றரை மணி நேரம் ஒரு வருடம் படித்தால்? சம்பளம் போகவில்லை, பெரிய கட்டணமும் இல்லை. செலவு மடிக்கணினியும் இணையமும்தான். காலம் கூடுதலாகும், ஆனால் தோற்றாலும் குடும்பம் விழாது. ஒரு தாயார் தம் வளையல்களைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "இதை வைத்தால் தம்பிக்குக் கட்டணம் தேறுமா, பாருங்கள்" என்று எங்களிடம் கேட்டார். தாயின் மனம் அது. ஆனால் அந்தப் பிள்ளை அதுவரை ஒரு வரி நிரல் எழுதிப் பார்த்திருக்கவில்லை. நகை கழுத்தை விட்டும் கையை விட்டும் இறங்குவதற்கு முன், பிள்ளை கணினி முன் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா?

சந்தையின் நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் எல்லா நிறுவனமும் ஆள் சேர்த்தது. 2022 இறுதியிலிருந்து காற்று மாறியது. மெட்டா 11,000 பேரையும், கூகுள் 12,000 பேரையும் குறைத்தன. நம் நாட்டின் பெரிய நிறுவனமான டி.சி.எஸ். தன் ஊழியர்களில் 2 சதவீதம், சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக 2025 ஜூலையில் அறிவித்தது. கூடவே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. புதிதாகச் சேர்ந்தவரிடம் முன்பு கொடுத்துவந்த சின்னச்சின்ன வேலைகளில் பலவற்றை இப்போது ஏ.ஐ. எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதனால் மென்பொருள் வேலையே ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஏ.ஐ. எழுதியது சரியா தவறா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. ஆறு மாதத்தில் மேலோட்டமாகப் படித்தவருக்கு அது கடினம். அதோடு, கூட்டமாக ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பல, பட்டம், 60 சதவீத மதிப்பெண், படித்து முடித்து இத்தனை வருடத்துக்குள் என்று வாசலிலேயே வடிகட்டுகின்றன. முப்பது வயதுக்காரர் அந்த வாசலில் நின்று காலம் போக்க வேண்டாம். சிறிய, நடுத்தர நிறுவனங்களின் வாசல் வேறு. அங்கே செய்து காட்டிய வேலையைப் பார்ப்பார்கள்.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? நாங்கள் பார்த்தவரை மூன்று வகையினருக்கு. ஏற்கெனவே கணினிப் பட்டம் படித்து இடைவெளி விழுந்துவிட்டவர்கள். அவர்களுக்கு அடித்தளம் இருக்கிறது, தூசு தட்டினால் போதும். தாமாகவே சில மாதம் படித்து, இனி ஆசிரியர் இல்லாமல் நகர முடியாது என்ற இடத்துக்கு வந்தவர்கள். ஒரு வருடக் குடும்பச் செலவுக்குக் கடன் இல்லாமல் வழி வைத்திருப்பவர்கள்.

யாருக்குப் பொருந்தாது? மச்சான் ஐ.டி.யில் சம்பாதிக்கிறார் என்பதற்காக மட்டும் வருபவருக்கு. இப்போதைய முதலாளி மேல் உள்ள கோபத்தில் வருபவருக்கு. கடன் வாங்கித்தான் முதல் தவணையே கட்ட வேண்டும் என்ற நிலையில் உள்ளவருக்கு. இவர்கள் குறைந்தவர்கள் என்று பொருள் அல்ல. இப்போது, இந்த வழியில், வேண்டாம் என்றுதான் பொருள்.

எந்த வகை என்று தெரியாதவர்களுக்கு ஒரு பரீட்சை வைத்திருக்கிறோம். ஆறு வாரம். தினம் ஒன்றரை மணி நேரம். கட்டணம் எதுவும் இல்லை. ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளம் 2014 முதல் இலவசமாகக் கற்றுத்தருகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சி.எஸ்.50 பாடமும் இலவசம். ஆங்கிலம் தடையாக இருந்தால், மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலும் பாடங்கள் இருக்கின்றன. ஆறு வாரம் முடிந்ததும் உங்களுக்குத் தெரிந்த ஒரு காரியத்துக்கு நீங்களே ஒன்று செய்து காட்டுங்கள். கடையின் கடன் நோட்டு, ஜகாத் கணக்கிடும் பக்கம், மஹல்லா சந்தா பட்டியல், ஏதாவது ஒன்று. அழகாக இருக்க வேண்டியதில்லை; ஓட வேண்டும்.

அந்த ஆறு வாரத்தில் உங்களை நீங்களே கவனியுங்கள். ஒரு அடைப்புக்குறி விடுபட்டதால் எதுவும் ஓடாமல் நின்றுவிடும். ஒரு மணி நேரம் தேடுவீர்கள். அப்போது எரிச்சலில் மூடிவைத்துவிட்டு மறுநாள் திறக்கவே மனம் வரவில்லையா? அல்லது சாப்பிடும்போதும் அதே நினைப்பாக இருந்து, திரும்பப் போய் உட்கார்ந்தீர்களா? இந்த வேலையின் பெரும்பகுதி இப்படித் தவறைத் தேடுவதுதான். அதில் மனம் நிற்பவர் தாங்குவார். நிற்காதவருக்கு எவ்வளவு உயர்ந்த சம்பளமும் பாரமாகிவிடும். ஆறு வாரத்தில் இது தெரிந்துவிட்டால், வேண்டாம் என்ற முடிவும் உங்களுக்கு லாபம்தான்.

பரீட்சையில் தேறியவர்கள் எல்லோரும் பூட்கேம்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம். சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் இணையவழிப் பட்டப்படிப்புக்கு வயது வரம்பு இல்லை. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. இடையில் நின்றாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழ் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஜோஹோ பள்ளியைப் பற்றி விசாரியுங்கள். கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துக் கற்பிக்கிறார்கள்.

தொழில்நுட்பத் துறை என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். டேலியில் பத்து வருடம் கணக்கு எழுதியவர், எக்செல்லை ஆழமாகப் படித்து, எஸ்.க்யூ.எல். என்ற தகவல் கேட்கும் மொழியையும் கற்றுக்கொண்டால், கணக்கு மென்பொருள் நிறுவும் நிறுவனங்களுக்கு அவர் புதியவர் அல்லர், அனுபவசாலி. வளைகுடாவில் கிடங்கு பார்த்தவருக்குச் சரக்கு மேலாண்மை மென்பொருள் எங்கே பயன்படும், எங்கே இடறும் என்று தெரியும். பழைய தொழிலைக் கழற்றி எறிந்துவிட்டு வருபவரைவிட, அதைக் கையில் பிடித்துக்கொண்டு வருபவருக்கு வழி சீக்கிரம் திறக்கும்.

சகோதரிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலை என்பதால் பலர் ஆர்வமாக இருக்கிறீர்கள். நல்லதே. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அடுப்பைப் பார்ப்பது யார், பிள்ளைக்குப் பாடம் சொல்வது யார் என்று வீட்டில் முதலில் பேசி முடிவு செய்ய வேண்டும். கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் நாம் சொல்வது: நீங்கள் கொடுக்கும் கட்டணத்தைவிட, நீங்கள் விட்டுக்கொடுக்கும் நேரம்தான் அந்தப் பெண்ணுக்கு உண்மையான உதவி. "வீட்டிலிருந்தே வேலை, முதலில் 5,000 ரூபாய் டெபாசிட் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் அது வேலை அல்ல. வேலை கொடுப்பவர் பணம் கொடுப்பார், கேட்க மாட்டார்.

படித்து முடித்து வேலை கிடைக்காமல் தவிக்கும் நேரத்தில்தான் இன்னொரு வலையும் விரிக்கப்படுகிறது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று அழைத்துப்போய், எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லிக் கொடுமைப்படுத்தினார்கள். நம் வெளியுறவு அமைச்சகமே 2022 செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் சிக்கி மீட்கப்பட்டார்கள். வெளிநாட்டு வேலை என்றால், முகவர் அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

இனி அறக்கட்டளையின் நிலை. எங்களிடம் இருப்பது உங்கள் பணம், அமானிதம். ஒருவருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தால், அது பல மாணவர்களின் கல்லூரிக் கட்டணம். ஆகவே கல்விக் குழு ஒரு முறையை வகுத்திருக்கிறது. பூட்கேம்ப் கட்டணத்துக்கு மனுப் போடுபவர் ஆறு வாரப் பரீட்சையை முடித்து, தாம் செய்ததைக் குழுவின் முன் ஓட்டிக்காட்ட வேண்டும். பயிற்சி நிறுவனத்தின் ஒப்பந்த நகலைக் கொண்டுவர வேண்டும். மனுதாரரின் மனைவியோ கணவரோ பெற்றோரோ உடன் வர வேண்டும். முடிவு வீட்டுக்குத் தெரிந்த முடிவாக இருக்க வேண்டும். தேறியவருக்கு கர்ழன் ஹஸனாவாக, ஒரே தொகையாக அல்லாமல், பயிற்சியின் முன்னேற்றத்தைப் பார்த்துப் பகுதி பகுதியாகக் கொடுப்போம். மடிக்கணினி இல்லாதவர்கள் பரீட்சைக் காலத்தில் நம் நூலக அறையில் மஃரிபுக்குப் பின் வந்து உட்காரலாம்.

கையெழுத்துப் போடும் முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். கடந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் முடித்தார்கள்? என்னைப் போல் வேறு தொழிலிலிருந்து, என் வயதில் வந்தவர்களில் இருவரோடு நான் பேச முடியுமா? அவர்களை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் நான் தேர்ந்தெடுக்கலாமா? பாடம் நடத்துபவர் வேலை பார்த்த அனுபவம் உள்ளவரா, போன மாதம் இங்கேயே படித்து முடித்தவரா? முதல் இரண்டு வாரத்தில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், அது எழுத்தில் இருக்கிறதா? கடன் யார் பெயரில், யாரிடமிருந்து? "இன்றே சேர்ந்தால் தள்ளுபடி, நாளை இல்லை" என்று அவசரப்படுத்துபவரிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நல்ல படிப்பு நாளையும் இருக்கும்.

வீட்டாரோடு மஷூரா செய்யுங்கள், விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள், இஸ்திகாரா செய்யுங்கள். பிறகு எடுக்கும் முடிவில் உறுதியாக நில்லுங்கள். ஆறு வாரப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் அலுவலக மேசையில் பதிந்துகொள்ளலாம். ஹலாலான, மனத்துக்குப் பிடித்த, குடும்பம் தாங்கும் வருமானத்தை அல்லாஹ் நம் எல்லாப் பிள்ளைகளுக்கும் லேசாக்கித் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.